நாற்காலி மட்டும் தெரிந்த மதியம்

எங்கள் கடலோர ஊர் கேபிள் சேனலில் நான் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளத்தான் சேர்ந்தேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. ஆசை மட்டும் கேமராவுக்கு எதிரே கிடந்த நாற்காலி மேல். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதில் உட்கார்ந்து, சிரித்து, அடுத்து என்ன வருகிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அங்கே இருந்தவர் கல்யாணமாகிப் போனதும் முதலாளி அண்ணாச்சி அந்த இடத்தைச் சோதனையாக ஒரு வாரம் எனக்குத் தந்தார்.

எனக்கோ எதையும் வரிசை போட்டுத்தான் பேச வரும். ஒன்று, பாட்டு. இரண்டு, மீன் விலை. மூன்று, படம்.

"ஏளா, ரேஷன் கடை போர்டு மாதிரில்லா ஒப்பிக்க," என்றார் அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை. "நாளைக்கும் பாப்பேன். சரிப்படலன்னா திங்கக்கிழமை வேற பிள்ளை வருது."

சனிக்கிழமை கேமராக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மதியப் படத்தை அழகாக அறிவித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். படம் வரவில்லை. திரையில் நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். மறுபடி அழுத்தினேன். மறுபடியும் நான்.

காரணம் உடனே தெரிந்துவிட்டது. உப்புக் காற்றில், மேசைக்கு அடியில் இருக்கும் வயர் முனை பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். "நேயர்களே, ஒரு நிமிடம்," என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு மேசைக்குக் கீழே நுழைந்தேன். சேலையில் குத்திய மைக்கும் கூடவே வந்தது.

நேயர்கள் பேசும் ஃபோன் அடித்தது. அதை எடுக்க ஆள் வேண்டாம். தானாகவே ஊர் முழுக்கக் கேட்கும்.

"ஏளா, வெறும் நாற்காலிதான் தெரியுது. நீ எங்கன போன?" என்றது ஒரு பெண் குரல்.

"மேசைக்கு அடியில இருக்கேன், அக்கா."

"அங்கன என்ன செய்யுத?"

"வயர்ல உப்பு சுரண்டுதேன்."

"எங்க வீட்டு டிவியிலயும் கோடு கோடா ஓடுது. அதுவும் உப்புதானா?"

"இருக்கும், அக்கா. ஒண்ணு, டிவிய அணைங்க. ரெண்டு, பின்னால கேபிள் வயரக் கழற்றித் துணியால துடைங்க. மூணு, இறுக்கி மாட்டுங்க."

டிவியை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு அலறல்: "ஏளா! கோடு போயிட்டு! இப்ப உன் நாற்காலி பளிச்சுன்னு தெரியுது!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்ததில் தலை பலகையில் இடித்து, அந்த 'டொம்' ஊருக்கே கேட்டது. அக்காவும் சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே வயரைச் செருக, படம் ஓடத் தொடங்கியது.

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தால், வாசலில் அண்ணாச்சி. காதில் ஃபோன்.

"ஆமா, நம்ம பிள்ளைதான். உங்க வீட்டு டிவிக்கா? திங்கக்கிழமை மதியம் கேளுங்க, சொல்லுவா." ஃபோனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ளைய வர வேண்டாம்னுட்டேன். நீயே இருந்துக்க."

"சரிங்க அண்ணாச்சி," என்று அமைதியாகச் சொன்னேன். நடந்து போய், இன்வெர்ட்டர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

"ஏளா, உள்ள என்ன சத்தம்?"

"பேட்டரிக்குத் தண்ணி பாக்கேன், அண்ணாச்சி!"