உறுமுகிற பெட்டி

அலுவலகத்தில் அவருக்கு ‘ஆஃப்-ஆன் சார்’ என்று பெயர். பதினோரு வருடங்களுக்கு முன்னால் பதிவறையில் ஒரு பிரிண்டர் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. போகிற போக்கில் சுவிட்சை அணைத்துப் போட்டார், அது எழுந்துகொண்டது. அவ்வளவுதான், மனிதருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அன்றிலிருந்து எது நின்றாலும் அணைத்துப் போடுவார். ஓடினால் அது அவர் மூளை. ஓடாவிட்டால், “பொருளே மட்டம்யா.”

வீட்டில் இன்னொரு சட்டம் வைத்திருந்தார். புதுப் பொருளின் மேல் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பும் பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் கதவில் ஆறு வருடத்துத் தாள் அழுக்கேறித் தொங்கியது. டிவி ரிமோட்டில் எழுத்தே தெரியாது. அவர் மனைவி பொத்தான்களை விரல்விட்டு எண்ணித்தான் அமுக்குவாள். “உரிச்சா பழசாயிடும்” என்பார். உரிக்காமலேயே எல்லாம் பழசாகிக்கொண்டுதான் இருந்தது. அதை அவரிடம் யார் சொல்வது?

அந்த மனைவிக்கு ஒரே தம்பி. இரண்டு தெரு தள்ளி ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மூன்று வருடங்களுக்கு முன், இதே கூடத்தில் டிவியைக் கழற்றி வைத்துக்கொண்டு, “மாமா, சும்மா சும்மா ஆஃப் பண்ணிப் போடாதீங்க, போர்டு போயிடும்” என்று சொன்னான். உறவுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். “ஸ்க்ரூ திருகுறவன்லாம் எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டான்” என்றார் இவர். தம்பி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனவன்தான். “மாமா தன் வாயால வான்னு கூப்பிடட்டும்க்கா, வரேன்” என்று சொல்லிவிட்டான். கூடப் பிறந்தவனை அவள் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

இப்படி இருக்கையில் அலுவலக இயக்குநரின் பணி ஓய்வு விழா வந்தது. அதைப் பற்றிப் பேசிய கூட்டத்தில் யாரோ பாட்டுப் போட வேண்டும் என்றார்கள். “எதுக்கு வாடகைக்கு? நான் புது செட்டு வாங்குறேன், திங்கட்கிழமை அதையே கொண்டாரேன்” என்று வாயைக் கொடுத்துவிட்டார் ஆஃப்-ஆன் சார். புதனன்று பெட்டி வந்தது. இரண்டு சின்ன ஸ்பீக்கர், தரையில் வைக்கிற ஒரு பெரிய வூஃபர். வீட்டுக்கே ஆள் அனுப்பி மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னதற்கு, “எனக்கேவா?” என்று சிரித்துவிட்டு வந்திருந்தார்.

முதல் நாள் ஸ்பீக்கர் வயரின் பச்சை முனையைக் கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு ஓட்டையில் சொருகிவிட்டு, கம்ப்யூட்டரை ஒன்பது முறை அணைத்துப் போட்டார். இரண்டாம் நாள் எப்படியோ பச்சை பச்சையோடு சேர்ந்தது. பாட்டும் வந்தது. கூடவே, தாளம் கனமாக விழும் இடத்திலெல்லாம் வூஃபரிலிருந்து ‘பர்ர்ர்’ என்று ஒரு உறுமல். வூஃபரின் பக்கவாட்டில் காற்று வெளியேற ஒரு வட்டத் துளை இருந்தது. அதன் மேல் கம்பெனித் தாள் அப்படியே இருந்தது. உரிக்கத்தான் கூடாதே!

பெட்டியை மேசைமேல் வைத்தார். பீரோமேல் ஏற்றினார். கட்டிலுக்கடியில் தள்ளினார். உறுமல் அசைந்து கொடுக்கவில்லை. மின்சாரம் சரியில்லை என்றார், பாட்டே சரியில்லை என்றார், கடைசியில் “நீ மிக்ஸி போடுறதுனாலதான்” என்று மனைவிமேல் பாய்ந்தார். மிக்ஸி காலையிலிருந்து கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரம், பாட்டு ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் துடைக்க அவள் போனாள். துணியோடு கை அந்தத் தாளின்மேல் பட்டது. உறுமல் நின்றது. கையை எடுத்தாள், உறுமியது. மறுபடி வைத்தாள், நின்றது. நகத்தால் ஒரு கீறு கீறினால் வேலை முடிந்துவிடும். நகம் தாளின் விளிம்புவரை போனது. போன கையை இழுத்துக்கொண்டாள். தம்பியின் நினைப்பு வந்துவிட்டது. துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சனிக்கிழமை பூராவும் மனிதர் கூண்டில் அடைபட்டவர் மாதிரி நடந்தார். “ஏங்க, கடைக்காரரைக் கேட்டுப் பாருங்களேன்” என்றாள் ஒன்றும் தெரியாதவள் போல.

“எந்த மூஞ்சியோட கேக்குறது?”

“அப்போ நாளான்னைக்கு ஆபீஸ்ல உறுமட்டும்.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆள் வழிக்கு வந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, “உன் தம்பிய வேணா வரச் சொல்லு” என்றார்.

“நான் கூப்பிட்டா வரமாட்டான். நீங்கதான் கூப்பிடணும்” என்று போனை நீட்டினாள். அதைக் கைக்குக் கை மாற்றி, தொண்டையைச் செருமி, “ம்... நான்தான். வீட்டுக்கு வா” என்றார். அந்த நாலு வார்த்தைக்கு அவருக்கு வியர்த்துவிட்டது.

தம்பி கால் மணி நேரத்தில் வந்தான். முன்தலை நரைத்திருப்பதைக் கூடத்து வெளிச்சத்தில்தான் பார்த்தாள். கடை இருட்டில் தெரிந்ததே இல்லை. அவன் பையைக்கூடத் திறக்கவில்லை. குனிந்து பார்த்தான், தாளைச் சர்ரென்று உரித்தான், பாட்டைப் போட்டான். கணீரென்று ஒலித்தது.

“என்னடா கோளாறு?” என்றார் ஆஃப்-ஆன் சார்.

தம்பி தாளை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டான். “உள்ள ஒரு கனெக்‌ஷன் லூசா இருந்திச்சு மாமா. வெளியே இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது.”

“நான் நெனச்சேன்!” என்றார் அவர். “முதல்நாளே நெனச்சேன், லூசு கனெக்‌ஷன்னு.”

அவளுக்குச் சுரீரென்றது. “பொய் சொல்லாதடா. ஏங்க, தாளை உரிக்கல, அதான் கோளாறு. வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்.”

“தெரியுமா? அப்புறம் ஏன்டி வாயத் தொறக்கல?”

“தொறந்திருந்தா இவனைக் கூப்பிட்டிருப்பீங்களா?”

மனிதர் சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் அணைத்துப் போட அங்கே சுவிட்சு எதுவும் இல்லை. பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், “வந்தது வந்துட்ட... சாப்பிட்டுட்டுப் போ” என்றார்.

“சாப்பிடாம எங்க போவான்? மூணு பேருக்கு விடிகாலையிலேயே உலை வெச்சாச்சு” என்றாள் அவள்.