மியூலிஷ் ஆர்டித்

அமெரிக்காவில், மிசூரி மாநிலத்தின் ஒரு சிற்றூரில் ஆர்டித்தை எல்லோரும் 'மியூலிஷ்' என்றுதான் சொல்வார்கள். மியூல் என்றால் கோவேறு கழுதை. அதைப் போல முரண்டு பிடிப்பவர் மியூலிஷ். இருநூறு வருஷத்துச் சொல். கழுதைக்கும் குதிரைக்கும் பிறந்த அந்த ஜீவனை இழுத்துப் பார்த்துத் தோற்றுப்போன எவனோ வயிற்றெரிச்சலில் உண்டாக்கியிருக்க வேண்டும். அதன் பக்க நியாயத்தை யார் கேட்டார்கள்?

கேட்டவர் ஆர்டித்தின் கணவர் எல்பர்ட். நாற்பது வருஷம் கோவேறு கழுதைகளை உழவுக்குப் பழக்கி விற்றவர். "அது முரண்டு பிடிக்கலப்பா. குதிரை பயந்தா ஓடும், இது பயந்தா நிக்கும், அவ்வளவுதான்" என்பார் வாங்க வருகிறவர்களிடம்.

1951 மார்ச்சில் ஆர்டித் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். சில மாதத்தில் எலும்பு கூடிவிட்டது, எழுந்து நடக்கத்தான் மாட்டேன் என்றாள். இப்படியே இருந்தால் கால் முடங்கிவிடும் என்றார் டாக்டர். மகள் நெடா கெடு வைத்தாள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் நடக்காவிட்டால் செயின்ட் லூயிஸில் முதியோர் இல்லம். ஆர்டித் இல்லாத வீட்டில் எல்பர்ட்டுக்கு என்ன வேலை?

ஞாயிறும் வந்தது. நெடா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரும்மா! ரெண்டே ரெண்டு அடி!"

"கையை விடுடி. நான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா?"

"பாத்தியாப்பா? ஊரு சும்மாவா சொல்லுது மியூலிஷ்னு?"

எல்பர்ட்டுக்குச் சுரீர் என்றது. இத்தனை நாளும் அவரும் எதிரே நின்று, கண்ணைப் பார்த்துக் கெஞ்சி, இழுத்துக்கொண்டுதானே இருந்தார்? லாயத்தில் ஒருநாளும் செய்யாத தப்பு: எதிரே நின்று இழுத்தால் கோவேறு கழுதை ஊன்றிக்கொள்ளும், முதுகைக் காட்டினால்தான் பின்னால் வரும். நெடாவை விலகச் சொன்னார். நாற்காலிக்கு முன்னால் போய், ஆர்டித்துக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்பில் கெட்டில் கூவியது. நெடா போய் இறக்கினாள்.

"என்ன, கம்பம் மாதிரி நிக்கிறே?" என்றாள் ஆர்டித் பின்னாலிருந்து.

"சும்மாத்தான்."

பிறகு, "விழுந்துடுவேன் எல்பர்ட்" என்றாள். "பயமாயிருக்கு." ஐம்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் வாயில் வராத வார்த்தை.

"எனக்கும்தான். மெதுவா வா, அவசரமே இல்ல."

நாற்காலி கிறீச்சிட்டது. அவருடைய கால்சட்டை வாரை ஒரு கை இறுகப் பிடித்தது. அவர் ஓரடி வைத்தார். பின்னால் ஓரடி கேட்டது. அவருக்குக் கண்ணீர் தாடைவரை வழிந்தது. கையைத் தூக்கித் துடைத்தால் எங்கே அவள் நின்றுவிடுவாளோ என்று, அப்படியே அடுத்த அடியை வைத்தார்.