சாவிக்கொத்தும் பதினாறு கார்டுகளும்

பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, அதை வாயிலேயே வைத்துக்கொண்டுதான் நைனா முகமது எழுதுவார். தொடைகளின் மேல் குறுக்காக லத்தி, அதன் மேல் பதிவேடு, அதன் மேல் அஞ்சலட்டை. எழுதி முடியும் வரை பேசமாட்டார், பேச முடியாது.

லப்பைக்குடிக்காட்டில் அவருடன் படித்தவர்கள் துபாய்க்கும் சவூதிக்கும் போனார்கள். இவர் ஜெயிலுக்குப் போனார், வார்டராக. "அவங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவு. எனக்கு அதுவும் இல்ல" என்பார். காக்கி மாட்டும் முன், கணவன்மாரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டிருந்த தெருப் பெண்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவர். ஏக்கம், கண்ணீர் எதுவும் அதில் இருக்காது. 'சின்னவன் உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு மாடி ஏறுகிறான்' என்று ஒரு வரி. அடுத்த மாதம் ஆள் விமானம் ஏறிவிடுவார்.

2003இல், அரியலூர்ப் பக்கம் அவர் வேலை பார்த்த கிளைச் சிறைக்குப் புரட்சி வந்தது. அதன் பெயர் அமிர்தலிங்கம். வெடிகுண்டு வழக்கின் விசாரணைக் கைதி. ஏற்கெனவே உள்ளே இருந்த முப்பத்தொரு பேரோ ஆடு திருடியவர்கள், சாராயம் விற்றவர்கள், வரப்புத் தகராறில் மண்டை உடைத்தவர்கள். அவர்களில் பார்க்க ஆள் வராதவர்களாகப் பொறுக்கியெடுத்து, தன் சோப்பில் பாதியை நறுக்கிக் கொடுத்தார் அமிர்தலிங்கம்; பிறகு தன் கொள்கை முழுவதையும். "உன்ன இந்தச் சமூகம் குப்பையில வீசிருச்சு தோழா. இனி துப்பாக்கிதான் உனக்குச் சொந்தக்காரன்." பத்தே நாளில் பதினாறு பேர் காலைக் கணக்கெடுப்புக்கு வரிசையில் உட்கார மறுத்தார்கள்.

இதைத் தடுப்பது பற்றி மேலிடத்துச் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. கண்காணிப்பாளர் ராசாங்கம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டார். அதன் சாவியும் நைனா முகமதின் இடுப்புக்கே வந்து சேர்ந்தது.

சனிக்கிழமை சாராய வழக்கு அரியமுத்து கம்பியோரம் கிசுகிசுத்தான்: "பாய், வர்ற வியாழக்கெழம கஞ்சி வாளி உள்ள வர்றப்ப ஒங்க சாவியப் புடுங்கப் போறானுவ. ஒங்க மண்டையில போடறது அழகேசன்."

"எதால?"

"கஞ்சி வாளியாலதான்."

"கஞ்சி சூடா இருக்குமேப்பா" என்று கவலைப்பட்டார் நைனா முகமது.

அழகேசன் கீழப்பழுவூர்க்காரன், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் வந்தவன். நாற்பது நாளாக அவனைப் பார்க்க ஒரு ஈ, காக்கை வரவில்லை.

அமிர்தலிங்கத்தை மாற்றக் கோர்ட் உத்தரவு வேண்டும். ஆயுதப்படையோ வெள்ளிக்கிழமைதான் வருமாம். "வியாழக்கிழம நீ லீவு போட்டுக்கய்யா" என்றார் ராசாங்கம் பெருந்தன்மையாக.

"நான் லீவு போட்டா வேற ஒருத்தன் மண்டைங்கய்யா."

அன்றே அந்தப் பதினாறு பேர் வீட்டுக்கும் ஆளுக்கொரு கார்டு எழுதி, ரயிலடித் தபால் பெட்டியில் தன் கையாலேயே போட்டார். அழகேசனின் மனைவி அனிதாவுக்குப் போனது இது: 'உங்கள் கணவர் சட்டையில் மூன்று பொத்தான் இல்லை. கைதிகளைப் பார்க்கும் மனு நாள் புதன்கிழமை. ஊசி நூல் உள்ளே விடமாட்டோம். பொத்தான் தைத்த சட்டையாகக் கொண்டுவரவும்.'

புதன்கிழமை வந்த கூட்டத்தில் சிறைவாசல் சிறுவாச்சூர்க் கோயில் வாசலாகிவிட்டது. அனிதா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாள். "ஒரு மடைத் தண்ணிக்கு ஊரான் மண்டைய ஒடச்சிட்டு இங்க வந்து சொகமா குந்திக்கிட்டியா? அங்க வயலு வெடிச்சுக் கெடக்கு!"

"நீ வரவே மாட்டேன்னு நெனச்சேன்" என்றான் அழகேசன்.

"வராம? நான் திட்டறதுக்கு வேற ஆளு யாரு இருக்கா?"

சட்டை உள்ளே வந்தது. பொத்தான்கள் நான்கு நிறத்தில் இருந்தன.

வியாழக்கிழமை. கணக்கெடுப்பு நேரம், கஞ்சி வாளி வந்தது. "எழுந்திருங்க தோழர்களே!" என்று முஷ்டி உயர்த்தினார் அமிர்தலிங்கம். அழகேசன் எழுந்து வாளியை இரண்டு கையாலும் பிடித்தான். நைனா முகமது நகரவில்லை. கையில் பேனா, வாயில் மூடி. யாரையும் கூப்பிடவும் வழியில்லை.

அழகேசன் வாளியைத் தரையில் வைத்தான். பொத்தான்களைத் தடவிப் பார்த்துவிட்டு, வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்தான். "எண்ணுங்க பாய், பசிக்குது."

மற்றவர்களும் மளமளவென்று உட்கார்ந்தார்கள். ஒரு சொட்டுக் கஞ்சி சிந்தாமல் ஆயுதப் புரட்சி முடிந்தது. 'உட்கார்ந்தவர் முப்பத்தொன்று, நிற்பவர் ஒன்று' என்று பதிவேட்டில் ஏறியது. மேலிடத்துக்குப் போன அறிக்கையில், 'பயன்படுத்திய ஆயுதம்' என்ற கட்டத்தை வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, 'அஞ்சலட்டை, பதினாறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார் ராசாங்கம். வெள்ளிக்கிழமை வந்த ஆயுதப்படை ஆளுக்கொரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பியது.

அன்று மாலை அமிர்தலிங்கம் கம்பியருகே வந்து, சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அரும்பாவூர்ல எங்கம்மா இருக்கு. பேரு லீலாவதி. நான் கேட்டேன்னு மட்டும் எழுதாதீங்க."

நைனா முகமது ஒரு கார்டை எடுத்துப் பதிவேட்டின் மேல் வைத்தார். மூடி ஏற்கெனவே அவர் பல்லிடுக்கில் இருந்தது.