சாவிக்கொத்தில் இருந்த ரயில்

அந்தப் படத்தில் நான் இல்லை. என் முழங்கையும் ஜடை நுனியில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பனும் மட்டும் இருந்தன. போட்டோக்காரர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்பாவையும் அவர் மடியில் உட்கார்ந்திருந்த என் தங்கையையும்தான் பார்த்தார். ஊரே அப்படித்தான் பார்த்தது. போட்டோக்காரரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்?

சேலம் போகிற பெரிய ரோட்டை ஒட்டி அப்போதுதான் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்திருந்தார்கள். அப்பாவுக்கு நாமக்கல்லில் சொந்த லாரி. லோடு கிடைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் லாரி கேபினிலேயே ஏற்றிக்கொண்டு போனார். அங்கே ஒரு குட்டி ரயில் ஓடியது. பச்சை எஞ்சின், பின்னால் மஞ்சள் பெட்டிகள், வழியில் சிமெண்டால் கட்டிய ஓர் இருட்டுக் குகை. அப்பா எஞ்சினைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "டிராக்டர் எஞ்சினுக்குத் தகரச் சட்டை போட்டு உட்டிருக்கறானுங்க. ஹாரன் நம்ம லாரி ஹாரனேதான்" என்று சிரித்தார். தங்கைக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவளுக்கு ஆறு வயசு. வீட்டில் அவள் எப்போதும் பாப்பாதான், இன்றைக்கும் பாப்பாதான். ரயில் நின்றதும் இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். டீ வரத் தாமதமானாலே கிளீனரை வறுத்தெடுக்கிற மனுஷர், அன்றைக்கு வாயைத் திறக்காமல் அவளை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி சுற்றினார். தலை சுற்றும் என்று அம்மா ஏறவில்லை. தக்காளிச் சோற்றுத் தூக்குப்போசியோடு வெளியிலேயே நின்றாள்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் லோடு போன அப்பா, போட்டோவை வாங்கி வந்தார். போட்டோ என்றால் காகிதம் இல்லை. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய், சாவி மாட்ட ஒரு வளையத்தோடு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், உள்ளே இருக்கும் துண்டுப் பிலிமில் பச்சை ரயிலும் அப்பாவும் பாப்பாவும் பெரிதாகத் தெரிவார்கள். என் முழங்கையும்தான். அம்மா அதில் பீரோ சாவியை மாட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காலேஜ் முடித்த கையோடு பாப்பா கூடப் படித்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். சேலம் டவுன் பையன், கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணம் சர்ச்சில் நடந்தது. நாங்கள் யாரும் போகவில்லை, அப்பா போகவும் விடவில்லை. அன்றைக்கு அப்பா ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போய், பாப்பா இருந்த படங்களையெல்லாம் ஒவ்வொன்றாக வெந்நீர் அடுப்பில் போட்டார். அவளும் நானும் சேர்ந்து நின்ற என் கல்யாணப் படத்தை எரிக்க மனசில்லாமல், அவள் நின்ற பக்கத்தைக் கத்தரித்தார். அதோடு என் கையும் போனது. என் கைக்கு இந்த வீட்டில் எப்போதும் இதே கதிதான்.

"இனி அவ பேச்ச எடுக்கறவங்க இந்த ஊட்டுல இருக்கக்கூடாது" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. பாப்பா ஒரு முறை கைக்குழந்தையோடு வந்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா உள்ளே இருந்து கதவைச் சாத்தினார். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவே இல்லை.

ஆனால் சாவிக்கொத்தை அப்பா மறந்துவிட்டார். அப்படித்தான் நாங்கள் நினைத்தோம். ஒரு நாள் என்னைக் கட்டிக்கொடுத்த திருச்செங்கோட்டிலிருந்து நான் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, சமையலறை ஜன்னலோரம் அம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விசுக்கென்று இடுப்பில் செருகினாள்.

"உங்கப்பங்கிட்ட மூச்சு உட்டறாத சாமி."

நான் விடவில்லை.

போன தை மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து இடது கையை ஆட்டி ஆட்டி எதையோ கேட்டார். தண்ணீர் கொடுத்தோம், தட்டிவிட்டார். மூக்குக் கண்ணாடி கொடுத்தோம், டிவி ரிமோட் கொடுத்தோம், எல்லாவற்றையும் தட்டிவிட்டார். "அட கெரகமே, என்னதாங்க வேணும் உங்களுக்கு?" என்று அம்மா பக்கத்தில் குனிந்தபோது, அவள் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை வெடுக்கென்று இழுத்தார். பீரோவில் ஏதோ வேண்டும்போல என்று நான் எழுந்தேன். அவர் சாவியைத் தொடவே இல்லை. குழாயைத் தடவிப் பிடித்து, ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணில் வைத்துக்கொண்டார்.

அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இந்த மனுசனுக்குத் தெரியுமாமா! இத்தன வருசமா தெரியுமாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குளிக்கப் போகும்போது மட்டும்தான் அவள் சாவியைக் கழற்றி வைப்பாள். அந்த நேரத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரே வீட்டுக்குள் ஒரே படத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போது ஒருவருக்கு வாயே இல்லை.

அவர் தூங்கியபிறகு நான் குழாயை எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. தண்ணீரில் கரைந்த குங்குமம் மாதிரி வெளிறிய சிவப்பு, அவ்வளவுதான். ரயில் இல்லை, அப்பா இல்லை, பாப்பா இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன், வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

பின்னாலேயே வந்த அம்மா, "உனக்குத் தெரியுதா சாமி?" என்றாள். "எனக்கு ரொம்ப நாளாவே மங்கலாத்தான் இருந்துச்சு. இப்பச் சுத்தமாத் தெரியல. கண்ணு போச்சு. பாப்பா சிரிக்கறாளா?"

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள் என்று வருஷக்கணக்காக மன்றாடுகிறேன். கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். படம்தான் அழிந்துபோயிற்று என்று சொல்ல மனசு வரவில்லை. "ம்" என்றேன்.

அன்றைக்கே பாப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். ஓசூரில் இருக்கிறாள். "அவரு வாயால வான்னு சொல்லட்டும், அடுத்த பஸ்ல ஏறிடறேன்" என்றாள்.

"பேச்சு போயிருச்சுன்னுதானடி சொல்றேன்."

"பேச்சு இருந்தப்ப ஏங்க்கா சொல்லல?"

அப்பாவும் மகளும் ஒரே அச்சு. நடுவில் கிடந்து நான்தான் சாகிறேன்.

அந்தப் பூங்காவில் ஒருவேளை எங்கள் படத்தின் பிரதி ஏதாவது கிடக்குமோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் வேறு என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை. பஸ் ஏறிப் போனேன். இப்போது அங்கே எல்லாம் தண்ணீர்ச் சறுக்குகள். பச்சை எஞ்சினுக்குப் புது பெயிண்ட் அடித்து, ஒரே ஒரு மஞ்சள் பெட்டியோடு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சுற்றிக் கயிறு கட்டி, ஏறக்கூடாது என்று போர்டு. பிள்ளைகள் முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடி ஷோகேஸில் பழைய டிக்கெட்டுகள், தொப்பிகள், விசில்கள். ஒரு தட்டு நிறைய அதே பிளாஸ்டிக் குழாய்கள். என்ன விலை என்று உடனே கேட்டேன்.

"விக்கறதில்லீங்க்கா. எல்லாம் அந்தக் காலத்துல யாரும் வந்து வாங்காமப் போனதுங்க. பழைய ரூமைக் காலி பண்ணும்போது பொட்டியோட கெடைச்சுது" என்றாள் அங்கே நின்ற பெண்.

பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். இரக்கப்பட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். கண்ணில் வைத்தால், யாரோ ஒரு குடும்பம், அதே ரயில். நேற்று எடுத்தது மாதிரி இருந்தது. குழந்தையின் கவுனில் இருந்த பூக்களை எண்ணலாம்.

"இது மட்டும் எப்படி வெளுக்கல?"

"பொட்டிக்குள்ள இருட்டுலயே கெடந்துச்சுங்களே. வெளிச்சம் பட்டுட்டே இருந்தாத்தான் போயிருமாம்."

தட்டில் இருந்த எல்லாவற்றையும் வாங்கி வாங்கிப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் படம் இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள்தான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோமே. தேடி வராதவர்களின் பிள்ளைகள் எல்லாம் பளிச்சென்று இருக்கிறார்கள். எங்கள் பாப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் மாறி மாறிப் பார்த்தே அழித்துவிட்டார்கள். அந்தப் பெண் எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவள் முன்னால் அழுதது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பாப்பா கொஞ்சம் இறங்கி வந்தாள். வரமாட்டேன், வீடியோ காலில் வேண்டுமானால் பார்க்கிறேன் என்றாள். போனை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். திரையில் கண்ணாடி போட்ட, முன்நெற்றி முடி நரைத்த ஒரு பெண்பிள்ளை. அப்பா யாரோ என்று பார்த்தார்.

"அப்பா, நாந்தானுங்க" என்றாள்.

குரல் கேட்டதும் அவர் உடம்பு ஒரு முறை குலுங்கியது. திரையைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் தலையணைக்கடியில் கையை விட்டுக் குழாயை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். குரல் கொடுத்தவளை அதற்குள் தேடினார்.

"அப்பா, இங்க பாருங்க. இங்க இருக்கறேன்" என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

என்ன நினைத்தாரோ, குழாயைக் கண்ணிலிருந்து எடுத்து, இடது கையால் போன் திரைமேல், அவள் முகத்துக்கு நேராக ஒட்டிப் பிடித்தார். நீயே பார் என்று காட்டுகிறார். பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"தெரியுதுங்கப்பா. ரயிலு தெரியுது. நீங்க தெரியறீங்க. நாந்தெரியறேன்."

அப்பாவுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மா சுற்றி வந்து என் கையைப் பிடித்தாள். "பாத்தியா, அவளுக்குத் தெரியுது. படம் நல்லாத்தான் இருக்குது, என்ற கண்ணுதான் கெட்டுப்போச்சு. நாளைக்கே என்னயக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ சாமி. ஆபரேசன் பண்ணிக்கறேன். நானும் பாக்கோணும்."