மஞ்சூரில் பிரிந்த கூரையும் அக்காவின் டிரைவரும்

காலாண்டு விடுமுறையில் தாரணி அக்காவுடன் மஞ்சூர் போய் வந்தேன். அக்கா என் பெரியம்மா மகள். கணினித் திரையில் படம் வரவைக்கும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவது அவள் வேலை. மூன்று நாள் தங்கத் திட்டம். ஆனால் அவள் எழுதியதில் ஒரு பிழை. விண்டோவை மூடினால் சிலசமயம் திரை உறைந்துவிடும். போய்ச் சேர்ந்த மறுநாள் காலைக்குள் சரியாகாவிட்டால் அவள் லீவு ரத்து, என் பயணமும் ரத்து.

ஊட்டியிலிருந்து மஞ்சூர் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். (வளைவுகள் அதிகம், வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள்.) வழியெல்லாம் அக்கா பிழையைப் பற்றியே பேசினாள்.

"ஒரு படத்தை எத்தனை பேர் கையில புடிச்சிருக்காங்கன்னு எண்ணணும் கண்ணு. புடிச்சா ஒண்ணு கூட்டணும், வுட்டா ஒண்ணு குறைக்கணும். பூஜ்யமானாத்தான் அந்த நினைவகத்தைக் காலி பண்ணணும். நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். அப்பவும் காலி பண்ணுன எடத்தைப் போய் படம் வரையற சிப்பு படிச்சுத் தொலையுது."

மஞ்சூரில் நாங்கள் தங்கிய வீட்டு ராசு மாமாவுக்குச் சிறிய தேயிலைத் தோட்டம். பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லாததால் பக்கத்துத் தோட்டத்து செல்வண்ணன் செடிகளைப் பிடுங்கிவிட்டு கேரட் போடுகிறார். இருவரும் இலை வைத்துவந்த கொட்டகையின் கூரைத் தகரம் செல்வண்ணனுடையது. உள்ளே இலை இல்லாத நாளில் அதைக் கழற்றிக்கொள்வதாகப் பேச்சு. நாங்கள் போன அன்று மதியம் மாமா இலை மூட்டைகளை உள்ளே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து செல்வண்ணனுக்குப் போன் செய்தார். அதற்குள் அவர் பாதிக் கூரையைப் பிரித்து இறக்கியிருந்தார். மழையும் பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்க எல்லோரும் ஓடினோம்.

"ஏனுங்க செல்வா, எலை உள்ள இருக்கறப்பவே கூரையைப் பிரிக்கறீங்களே!"

"யாரும் வெக்கலைன்னு நெனச்சேனுங்க. நீங்க சொல்லவே இல்லியே."

"சொல்லத்தானே போன் போட்டேன்!"

"வெச்சதுக்கப்புறமா? வெக்கறதுக்கு முந்தியே சொல்லோணுமுங்க!"

நான் அக்காவைப் பார்த்தேன். "அக்கா, நீங்க படத்தைச் சிப்புக்குக் குடுத்த பிறகா ஒண்ணு கூட்டுறீங்க?"

தலையில் மூட்டையோடு அப்படியே நின்றாள். பிறகு மூட்டையை என்மேல் வைத்துவிட்டு, வீட்டிலிருந்த லேப்டாப்பைப் பார்க்க ஓடினாள்.

"எலையை வுட்டுப்போட்டு எங்கடா ஓடறா இவ?" என்றார் மாமா.

அதேதான். படத்தைக் கொடுப்பதற்கும் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கும் நடுவே விண்டோ மூடினால், கணக்கு பூஜ்யமாகி நினைவகம் காலியாகிவிடும். சிப்போ இன்னும் வரைந்துகொண்டிருக்கும். அக்கா எண்ணிக்கையைக் கூட்டும் அந்த ஒரு வரியை மேலே ஏற்றினாள். இப்போது கொடுக்கும் முன்பே கூட்டுகிறது, சிப்பு முடித்ததும் குறைக்கிறது. இரவுச் சாப்பாடுவரை விண்டோவைத் திறந்து திறந்து மூடினாள். திரை உறையவில்லை.

மூன்று நாளும் இருந்தோம். மாமாவின் இலை ஃபேக்டரிக்குப் போகும்வரை இருக்கட்டும் என்று செல்வண்ணன் தகரத்தைத் திரும்ப மாட்டினார். போகிறவர்கள் குடையும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு வேண்டாம்.