சலமன்காவுக்கு நான் போகவில்லை

பிலோமினா ரீச்சர் காலமாகிவிட்டார் என்று முல்லைத்தீவில் இருக்கும் அவருடைய வீட்டிலிருந்து தந்தி வந்தபோது நான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியர் வாசலில் நின்று அதை வாசித்தார். பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இதிலும் முந்திக்கொண்டாளா என்றுதான் முதலில் தோன்றியது. அவளை அறிந்த நீங்கள் என்னையும் அறிவீர்கள், அதனால் மறைக்கவில்லை. மேடையில் பேசும்போது அவர் என்பேன், எழுதும்போது எனக்கு அவள் அவள்தான்.

அடக்கம் முடிந்து வட்டக்கச்சிக்குத் திரும்பியதும், நினைவு மலருக்கு எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார்.

"லண்டனிலை படிக்கேக்கை ரெண்டு பேரும் ஒண்டாய்த்தானே ஸ்பெயினுக்குப் போனனீங்கள்? அந்தச் சலமன்காக் கதையை எழுதுங்கோ ரீச்சர். உங்களை விட்டால் இனி ஆர் எழுதிறது?"

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பல வருஷமாக அப்படித்தான் தலையாட்டி வருகிறேன். உண்மை என்னவென்றால், நான் போகவில்லை. லண்டனுக்கும் போகவில்லை, ஸ்பெயினுக்கும் போகவில்லை. இந்தியாவைக்கூடக் கண்டதில்லை. போனவள் அவள் ஒருத்திதான். இதை அவளுடைய ஆட்களுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் செத்தவளின் பயணத்தில் பாதியை என்னுடையது என்று சொல்லிக்கொண்டு இனித் திரிய முடியாது.

நாங்கள் இருவரும் முதலில் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரே பாடசாலையில் வேலை பார்த்தோம். லண்டனில் ஒரு வருஷம் பயிற்சி பெறப் புலமைப்பரிசில் கொடுக்கிறார்கள் என்று அங்கே சுற்றறிக்கை வந்தது. அவளுக்கு அதில் அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. தனியாக விண்ணப்பிக்கப் பயந்து, அவளையும் சேர்த்து இழுத்தவள் நான். ஒரே மேசையில், ஒரே பேனாவால் படிவங்களை நிரப்பினோம். அவள் அன்று பின்னேரமே தபாற்கந்தோருக்குப் போய் அனுப்பிவிட்டாள். என்னுடையதை வீட்டில் என் ஐயா வாங்கிச் சாமி அறையில் வைத்தார். "நாளைக்கு அட்டமி, அடுத்த நாள் நவமி. நல்ல காரியம் பிள்ளை, ரெண்டும் கழியட்டும்," என்றார். இரண்டும் கழிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வந்தது, தபாற்கந்தோர் பூட்டு. காலம் கடந்து கிடைத்தது என்ற குறிப்போடு என் படிவம் திரும்பி வந்தது. அவள் கிறிஸ்தவள், வேதக்காரி; அவளுக்கு அட்டமியும் இல்லை, நவமியும் இல்லை. அவள் கப்பல் ஏறினாள்.

அங்கே படித்த வருஷம், உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், கூடப் படித்தவர்களுடன் ரயிலில் ஸ்பெயினுக்குப் போய்ச் சலமன்கா நகரைப் பார்த்தாள். இருந்தது இரண்டே இரண்டு நாள். அந்த இரண்டு நாளை அவள் சாகும்வரை கதைத்தாள். பழைய பல்கலைக்கழகம், தேன் நிறக் கல்லில் கட்டிய சதுக்கம், பட்டம் பெற்றவர்களின் பெயர்களைச் சிவப்பில் எழுதிய சுவர்கள். முற்காலத்தில் மாட்டு இரத்தம் கலந்து எழுதினார்களாம். வாசல் முகப்பில் ஆயிரம் சிற்பங்கள், அவற்றுக்குள்ளே ஒரு மண்டையோட்டின் மேல் ஒரு தவளை. யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடிக்கிற மாணவருக்குப் பரீட்சையில் சித்தி நிச்சயமாம். கழுத்து நோக நின்று தானே கண்டுபிடித்தாளாம்.

"பழைய வகுப்பறையிலை இருக்க வாங்கு எண்டு சொல்ல ஒண்டுமில்லை, செதுக்காத மரக்குத்திதான். எங்கடை பெடியங்கள் மாதிரி அவங்களும் பேரைக் கீறி வைச்சிருக்கிறாங்கள்," என்பாள். அங்கே தேவாலயக் கோபுரத்தில் நாரை கூடு கட்டியிருந்ததாம். பிறகு இருவருக்கும் வட்டக்கச்சிக்கு மாற்றம் கிடைத்தது. வந்த முதல் கிழமையே இரணைமடுக் குளத்தைக் காட்டி, "இதே நாரைதான், பாக்கியம்," என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். "இதைப் பாக்கவோ அவ்வளவு தூரம் போனனீர்?" என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது. "கண்டதைச் சொல்லாட்டில் கண்டு என்ன?" என்பது அவளுடைய வழக்கமான பேச்சு. காணாதவள் என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை.

பிறகுதான் வவுனியாவில் விடுமுறைப் பயிற்சி வந்தது. பிலோமினாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் முன்னே போனேன். சாப்பாட்டு மேசையில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருத்தி, "நீங்கள் வன்னியே? காட்டுக்கை இருந்து என்னத்தைக் கண்டியள்?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பை இப்போதும் மறக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "லண்டனிலை படிக்கேக்கை ஸ்பெயினுக்குப் போனனான்," என்றேன். ரயில், சதுக்கம், தவளை, மரக்குத்தி, ஒன்றும் விடவில்லை. எத்தனை தரம் கேட்ட கதை! இரண்டு நாளாக எல்லோரும் எனக்குத்தான் முதலில் தேத்தண்ணீர் தந்தார்கள்.

மூன்றாம் நாள் பிலோமினா வந்து எனக்கு எதிரில் இருந்து புட்டுச் சாப்பிட்டாள். அதே ஆசிரியை அவளிடம், "உங்கடை சினேகிதி ஸ்பெயின் கதையெல்லாம் சொன்னவா. அந்தத் தவளைக் கதை கேட்டனீங்களோ?" என்றாள். பிலோமினா என்னைப் பார்த்தாள். வாயில் இருந்ததை ஆறுதலாக விழுங்கினாள்.

"கேட்கிறது என்ன, ரெண்டு பேரும் ஒண்டாய்த்தானே போனனாங்கள். தவளையை முதல் கண்டதும் பாக்கியம்தான். எனக்குக் கண் தெரியேல்லை."

எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பொய்யைக்கூட என்னைவிட வடிவாகச் சொல்லிவிட்டாளே! நாங்கள் இருவரும் தங்கியிருந்த குவாட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகு, ஒரே குசினியில் சமைத்துக்கொண்டு ஒரு கிழமை அவளோடு கதையில்லாமல் இருந்தேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அதன்பிறகு யாருக்குக் கதை சொன்னாலும் "நாங்கள்" என்றே சொன்னாள். பாதியில் நிறுத்தி, "மிச்சத்தைப் பாக்கியம் சொல்லுவா," என்று விடுவாள். நானும் கூச்சமில்லாமல் சொன்னேன். ஒரு தரம் நாரையைப் பல்கலைக்கழகக் கூரையில் ஏற்றிவிட்டேன். அவள் திருத்தவில்லை.

கதையில்லாமல் இருந்த அந்தக் கிழமையின் முடிவில் அவள்தான் முதலில் வாய் திறந்தாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து, முக்காட்டை எடுத்துக் கதிரையில் போட்டாள்.

"யோசியாதையும் பாக்கியம். வவுனியாவிலை சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"சுவாமியார் ஏசினவரோ?"

"சிரிச்சவர். மூண்டு செபம் சொல்லச் சொன்னவர். நான் ஆறு சொன்னனான். மூண்டு உமக்கு."

நான் அடுப்பை ஊதினேன். உமக்கு நன்றி என்று ஒரு வார்த்தை, அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அவள் அங்கிருந்து கொண்டு வந்த புகைப்படங்களை அவளுடைய தம்பி எடுத்துக்கொண்டார். அதுதான் முறை. சலமன்காவை நான் இன்று இந்த மலரில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தவளையைக் கண்டவளும் அவள்தான். எனக்கு என்று நான் வைத்துக்கொள்வது அந்த மூன்று செபத்தை மட்டும். அவளுடைய கப்பல், அவளுடைய ரயில், அந்தத் தேன் நிறக் கல் எல்லாவற்றுக்கும் பொறாமைப்பட்டு ஓய்ந்துவிட்டேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், என் பங்கு மூன்றோடு எழும்பி வந்திருப்பேன். அதை நினைக்கத்தான் இன்னும் வயிறு எரிகிறது.