திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். உளி பிடித்தே முன்னேறி, காரைக்குடியில் சொந்த மரக்கடை போட்டேன். வேத வசனம் சொல்வதில் எங்கள் சபையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், நான் கொடுத்த நிலைக்கதவு அளவு தப்பு என்று, என் கடையிலேயே வேலை பார்த்த என் தம்பி ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டான். அவன் சொன்னது சரிதான். ஆனாலும் அவனைக் கடையை விட்டு விரட்டினேன்.

திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள், மனஸ்தாபம் உள்ளவர்கள் வீடு தேடிப் போய் ஒப்புரவாகிக்கொள்வது எங்கள் சபை வழக்கம். அவன்தான் வந்தான்.

“மனசுல வச்சுக்கிறாதீக அண்ணே.”

மூத்தவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனங்களை வரிசையாக ஒப்பித்துவிட்டு, “திங்கக்கிழமை ஆளுக முன்னாடி வந்து கேளு, மன்னிக்கிறேன்” என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். “தப்பா அளந்தது நீங்க, மன்னிப்புக் கேக்க வந்தது நான். இதுக்கு மேளதாளம் வேற வேணுமாக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் திருவிருந்தில் நான் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்கினேன். பகையை வைத்துக்கொண்டு வாங்கக்கூடாது என்று அவன் எழுந்து வெளியே போனான். வேதம் சொல்வது அவன் செய்ததைத்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த மாதமே குடும்பத்தோடு சிவகங்கைக்குப் போய்விட்டான்.

நாலு வருஷம் கழித்து, தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் பஸ் ஏறினேன். நாற்காலி போட்டான், காப்பி கொடுத்தான். நான் புதிதாக வாங்கிய அறுவை மெஷினைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து வந்தேன். மறுபடி போவதற்குள் அவன் இறந்துவிட்டான்.